சார்ஜ் என்னும் மாட்டு வண்டி



ஒரு நாள் காலை திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்துக்குப் பேருந்தில் சென்றுகொண்டிருந்தேன். ஏறக்குறைய 40 கிலோமீட்டர் தூரம். பொழுது போகாமல், சுற்றியிருந்தவர்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டு வந்தேன்.

"விழுப்புரத்துக்குப் பஸ் சார்ஜ் எவ்வளவுப்பா?" என்று ஒரு பாட்டி நடத்துநரைக் கேட்டார். "போன்ல சார்ஜ் இல்ல, இறங்கினதும் பேசுறேன்" என்று ஓர் இளைஞர் அவசரமாகச் சொல்லி முடித்தார். முன் இருக்கையில் இரண்டு ஆசிரியைகள். "புது எச்.எம். திங்கட்கிழமை சார்ஜ் எடுக்கிறாராம்" என்றார் ஒருவர். விக்கிரவாண்டி தாண்டியதும் பக்கத்தில் இருந்தவர் செய்தித்தாளை விரித்தார். அதில் ஒரு வழக்கில் சார்ஜ் ஷீட் தாக்கல் செய்த செய்தி. அதைப் படித்தவர், தாம் மாணவராக இருந்தபோது நடந்த ஒரு லத்தி சார்ஜைப் பற்றிச் சொல்லத் தொடங்கிவிட்டார்.

கட்டணம், மின்சாரம், பொறுப்பு, குற்றம், தடியடி. இந்த ஐந்துக்கும் ஏதாவது தொடர்பு உண்டா? ஒன்றுக்கொன்று ஒட்டாதவை போலத்தான் தோன்றுகின்றன. ஆயினும் ஐந்துக்கும் ஒரே சொல்! இது எப்படி நேர்ந்தது?

இது ஆங்கில ஆசிரியர் விளக்க வேண்டிய விஷயம், இயற்பியல் ஆசிரியருக்கு இங்கே என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். வேலை உண்டு. அதைச் சொல்வதற்கு முன் நான் செய்த ஒரு தவற்றைச் சொல்லிவிட வேண்டும்.

ஒரு மாணவனின் கேள்வி

சில ஆண்டுகளுக்கு முன் முதலாண்டு வகுப்பில் நிலைமின்னியல் நடத்திக்கொண்டிருந்தேன். தமிழ் வழியில் படித்துவிட்டு வந்த ஒரு மாணவன் கடைசி வரிசையில் எழுந்து நின்றான். அவனுடைய தந்தை விற்பனைக்கூடத்தில் வேர்க்கடலை மூட்டை ஏற்றி இறக்கும் தொழிலாளி.

"சார், செல்போனை ராத்திரி பூரா சார்ஜ் போட்டா, காலையில அதோட வெயிட்டு கூடியிருக்குமா?" என்று கேட்டான்.

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன். "பாடத்தில் உள்ளதைக் கேளப்பா" என்று சொல்லி உட்கார வைத்தேன். அந்தப் பருவம் முழுவதும் அவன் வேறு ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

அன்று மாலை வீட்டில் யோசித்துப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. ஏற்றினால் எடை கூடத்தானே வேண்டும்? மூட்டை ஏற்றினால் வண்டி அமுங்குகிறது. பேட்டரியிலும் ஏதோ 'ஏறுகிறது' என்கிறோம். அப்படியானால் எடை ஏன் கூடாது? அவன் கேட்டது அசட்டுக் கேள்வியே அல்ல. அந்தச் சொல்லின் வேரைத் தொட்ட கேள்வி!

வாருங்கள், முதலில் அந்த வேரைத் தேடுவோம். பிறகு கேள்விக்கு விடை காண்போம்.

கால் மக்கள் தந்த வண்டி

இன்றைய பிரான்சு நாடு இருக்கும் பகுதியில் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் கால் என்னும் மக்கள் வாழ்ந்தார்கள். வண்டி கட்டுவதில் வல்லவர்கள். அவர்களுடைய வண்டியைக் கண்ட ரோமானியர்கள், வண்டியோடு அதன் பெயரையும் தங்கள் லத்தீன் மொழிக்குக் கொண்டுபோனார்கள். 'கர்ருஸ்' என்றால் சுமை வண்டி. பிற்கால லத்தீனில் இதிலிருந்து 'கர்ரிகாரே' என்ற வினைச்சொல் பிறந்தது. வண்டியில் சுமை ஏற்றுதல் என்பது இதன் பொருள். பழைய பிரெஞ்சு மொழியில் அது உருமாறி, 'சுமை ஏற்று' என்னும் பொருளோடு நின்றது. 1066-இல் நார்மானியர்கள் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பின் ஏராளமான பிரெஞ்சுச் சொற்கள் ஆங்கிலத்தில் குடியேறின. 13-ஆம் நூற்றாண்டில் இந்தச் சொல்லும் அங்கே வழங்கத் தொடங்கியது. அதுதான் நமது 'சார்ஜ்'.

ஆக, சார்ஜ் என்பதன் முதற்பொருள் மின்சாரமும் அல்ல, கட்டணமும் அல்ல. அறுவடைக் காலத்தில் களத்து மேட்டில் நிற்கும் மாட்டு வண்டியில் கடலை மூட்டை ஏற்றுகிறார்களே, அதுதான்!

இந்த வண்டிக்குச் சொந்தக்காரர்கள் பலர். 'கார்' என்பது அதே கர்ருஸின் நேர் வாரிசு. கப்பலில் செல்லும் 'கார்கோ', சுமப்பதைக் குறிக்கும் 'கேரி' ஆகியவையும் இக்குடும்பமே. நீங்கள் பள்ளிக்குச் சோறு கொண்டு போகும் டிபன் கேரியர் 'கேரி'யிலிருந்து வந்தது. படித்து முடித்துத் தேடிக்கொள்ளப்போகும் வாழ்க்கைத் தொழிலையும் கேரியர் என்கிறார்கள் அல்லவா? அது வண்டி ஓடும் பாதையைக் குறித்த சொல்லிலிருந்து வந்தது. ஒருவருடைய மூக்கையோ காதையோ அளவுக்கு மீறிப் பெரிதாக்கி வரையும் கேலிச்சித்திரத்துக்கு ஆங்கிலத்தில் 'கேரிகேச்சர்' என்று பெயர். அதாவது, சுமையை அதிகமாக ஏற்றிய படம்!

சுமை பலவிதம்

இனி அந்த ஐந்து பொருள்களையும் பிரித்துப் பார்ப்போம். இதற்கு ஆங்கில அகராதிகூடத் தேவையில்லை. நம் தமிழே வழிகாட்டும்.

தலைமையாசிரியர் சார்ஜ் எடுக்கிறார். தமிழில் எப்படிச் சொல்கிறோம்? 'பொறுப்பேற்கிறார்' என்கிறோம். குடும்பப் பொறுப்பைச் 'சுமக்கிறார்' என்கிறோம். பொறுப்பு என்பது தோளில் ஏறிய சுமை.

பஸ் சார்ஜ், சர்வீஸ் சார்ஜ் ஆகியவை பணச் சுமை. நாமும் 'வரிச்சுமை', 'கடன் சுமை' என்கிறோம். ஒருவர் கணக்கில் ஏற்றப்படும் தொகைதான் சார்ஜ்.

சார்ஜ் ஷீட்? குற்றத்தைச் 'சுமத்துகிறோம்', பழியைச் 'சுமத்துகிறோம்'. இங்கும் அதே சுமைதான். பார்த்தீர்களா! ஆங்கிலேயரைப் பார்த்து நாம் இப்படிப் பேசவில்லை. நம்மைப் பார்த்து அவர்களும் பேசவில்லை. கண்ணால் காணும் சுமையைக் கொண்டு, கண்ணுக்குத் தெரியாத கடனையும் கடமையையும் பழியையும் புரிந்துகொள்வது மனித மனத்தின் இயல்பு. இரண்டு மொழிகளும் தனித்தனியே நடந்து ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கின்றன.

அடுத்தது தடியடி. ஆயுதத்தில் ஏற்றுவதையும் சார்ஜ் என்றார்கள். துப்பாக்கியிலும் பீரங்கியிலும் வெடிமருந்தைக் கெட்டிப்பார்கள் அல்லவா? ஒரு முறை இடும் மருந்தின் அளவுக்குச் சார்ஜ் என்று பெயர். ஆயுதத்தை ஆயத்தமாக்கி எதிரியின்மேல் பாய்வதும் சார்ஜ் ஆயிற்று. அந்தப் பாய்ச்சல்தான் பின்னாளில் லத்தியோடு சேர்ந்துகொண்டது.

ஏற்றியதை இறக்கத்தானே வேண்டும்? அதற்கு 'டிஸ்சார்ஜ்'. மருத்துவமனையிலிருந்து நோயாளி டிஸ்சார்ஜ் ஆகிறார். திண்டிவனத்துக்கு அருகிலுள்ள வீடூர் அணையில் மதகைத் திறந்தால், விநாடிக்கு இத்தனை கன அடி என்று கணக்கிடும் வெளியேற்றமும் பொறியாளர் ஏட்டில் டிஸ்சார்ஜ்தான்.

சரி, மின்சாரத்துக்குள் இந்த வண்டி எப்படி நுழைந்தது?

புட்டிக்குள் மின்சாரம்

1745, 1746-ஆம் ஆண்டுகளில் ஐரோப்பாவில் ஒரு விந்தையான புட்டி கண்டுபிடிக்கப்பட்டது. ஜெர்மன் பகுதியில் வான் கிளைஸ்டும், ஹாலந்தின் லெய்டன் நகரில் முஷன்புரூக்கும் ஒருவரையொருவர் அறியாமலே இதைக் கண்டார்கள். கண்ணாடிப் புட்டியில் தண்ணீர். தண்ணீரில் முனை தொடும்படி ஓர் உலோகக் கம்பி. வெளிப்புறத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, தேய்த்து மின்னேறிய பொருளைக் கம்பியில் தொடவைத்தார்கள். பிறகு மறு கையால் கம்பியைத் தொட்டதும் உடலே அதிர்ந்துபோகும் அதிர்ச்சி! இதற்கு லெய்டன் ஜாடி என்று பெயர் வந்தது. இன்றைய மின்தேக்கிகளுக்கு இதுவே பாட்டன்.

மின்சாரம் என்பது ஒரு திரவம், அது புட்டிக்குள் போய் நிறைகிறது என்று அன்று பலர் எண்ணினார்கள். அமெரிக்காவில் பெஞ்சமின் பிராங்க்ளின் இந்தப் புட்டியோடு சோதனைகள் செய்தார். 1747 முதல் லண்டனிலிருந்த பீட்டர் காலின்சன் என்பவருக்கு அவற்றைப் பற்றிக் கடிதங்கள் எழுதினார். துப்பாக்கியை நிரப்புவதற்கு வழங்கிய சார்ஜ் என்னும் சொல்லே புட்டியை நிரப்புவதற்கும் வந்தது. பீரங்கி வரிசையைக் குறித்த 'பேட்டரி' என்ற சொல்லையும் 1749-இல் அவரே மின்சாரத்துக்குக் கொண்டுவந்தார். ஒரே பாசறையிலிருந்து இரண்டு சொற்கள்!

ஆனால் சொல்லைவிடப் பெரிது அவர் கண்ட உண்மை. புட்டியின் உட்புறத்தில் எவ்வளவு மின்சாரம் கூடுகிறதோ, சரியாக அவ்வளவு வெளிப்புறத்தில் குறைகிறது. ஒரு பக்கம் 'கூட்டல்', மறு பக்கம் 'கழித்தல்'. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் மொத்தத்தில் மாற்றமே இல்லை! நாம் இன்றும் போடும் + , − குறிகள் அவர் வழங்கியவை. மின்னூட்டத்தை ஆக்கவோ அழிக்கவோ முடியாது, இடம் மாற்றத்தான் முடியும் என்ற அழிவின்மை விதி இங்கே முளைத்தது.

இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம்.

செய்து பாருங்கள்

ஏறக்குறைய 15 செ.மீ. நீளமுள்ள இரண்டு செல்லோ டேப் துண்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள். பிடிப்பதற்கு வசதியாக ஒவ்வொன்றின் ஒரு முனையையும் சிறிது மடித்துவிடுங்கள். ஒன்றின் முதுகின்மேல் மற்றொன்றை ஒட்டுங்கள். ஒட்டிய இரட்டை நாடாவை விரலால் ஓரிரு முறை நீவிவிட்டுச் சிறு காகிதத் துணுக்குகளுக்கு அருகில் கொண்டுசெல்லுங்கள். துணுக்குகள் அசையா.

இப்போது இரண்டையும் வெடுக்கென்று பிரியுங்கள். தனித்தனியே துணுக்குகளிடம் காட்டினால் இரண்டும் ஈர்க்கும். ஒன்றையொன்று நெருங்கவிட்டால் ஓடிவந்து ஒட்டிக்கொள்ளும். பிரிக்கும்போது ஒரு நாடாவிலிருந்து எலெக்ட்ரான்கள் மற்றதற்குத் தாவிவிட்டன. ஒன்றின் வரவு மற்றதன் செலவு. மீண்டும் ஒட்டிவிட்டால் வரவும் செலவும் நேராகி, ஈர்ப்பு ஏறக்குறைய மறைந்துவிடும். காற்றில் ஈரம் மிகுந்த ஐப்பசி, கார்த்திகையில் இது சரியாக வராது. மாசி, பங்குனி வெயிலில் அழகாக வரும்.

கைப்பேசியின் கணக்கு

இனி அந்த மாணவனின் கேள்விக்கு வருவோம். ஒரு கைப்பேசியின் பேட்டரியில் 5,000 மில்லி ஆம்பியர்-மணி என்று போட்டிருப்பதாகக் கொள்வோம். இது 5 ஆம்பியர்-மணி. ஒரு மணிக்கு 3,600 விநாடிகள். எனவே,

5 × 3,600 = 18,000 கூலூம்.

1 கூலூம் என்பது சுமார் 6.24 × 10¹⁸ எலெக்ட்ரான்களின் மின்னூட்டம். பேட்டரி முழுவதும் சார்ஜ் ஆவதற்குள் நூறு கோடி கோடி கோடியைவிட அதிகமான எலெக்ட்ரான்களைத் தன் வழியே செலுத்தியிருக்கும். கேட்டால் மலைப்பாக இருக்கிறது.

இந்த 18,000 கூலூமும் பேட்டரிக்குள்ளேயே தங்கிவிட்டால் என்ன ஆகும்? அப்படிப்பட்ட இரண்டு கைப்பேசிகளை ஒரு மீட்டர் இடைவெளியில் மேசைமேல் வைப்போம். கூலூம் விதியைப் போட்டுப் பாருங்கள்.

விசை = 9 × 10⁹ × 18,000 × 18,000 ÷ 1² = சுமார் 2.9 × 10¹⁸ நியூட்டன்.

இது ஏறக்குறைய மூன்று கோடி கோடி டன் எடைக்குச் சமம்! மேசை மட்டுமா, ஊரே மிஞ்சாது. சீப்பைத் தலையில் தேய்த்தால் உண்மையாகவே மின்னூட்டம் தங்குகிறது. அது பெரும்பாலும் ஒரு கூலூமில் கோடியில் ஒரு பங்கைக்கூட எட்டாது. அதுவே காகிதத்தைத் தூக்கிவிடுகிறது.

ஆகவே சார்ஜ் ஆன பேட்டரிக்குள் மின்னூட்டம் நிரம்பி நிற்கவில்லை. ஒரு முனையில் எத்தனை எலெக்ட்ரான்கள் நுழைகின்றனவோ, மறு முனை வழியாக அத்தனை வெளியேறுகின்றன. உள்ளே இருக்கும் லித்தியம் அயனிகள் ஒரு மின்முனைப் பொருளிலிருந்து புறப்பட்டு மற்றொரு மின்முனையான கிராபைட்டின் அடுக்குகளுக்குள் போய் உட்காருகின்றன. அது அவற்றுக்கு இயல்பான இடமன்று. விட்டால் திரும்பி ஓட ஆயத்தமாக இருக்கின்றன. இந்த ஆயத்த நிலைதான் சேமித்த ஆற்றல்.

எடை கூடுமா? எலெக்ட்ரான்கள் தங்காததால் அவற்றால் எடை கூடாது. ஐன்ஸ்டைன் 1905-இல் சொன்னபடி, ஆற்றலுக்கும் நிறை உண்டு. இந்தப் பேட்டரியில் சேரும் ஆற்றல் சுமார் 70,000 ஜூல். அதை ஒளிவேகத்தின் வர்க்கத்தால் வகுத்தால் கிடைக்கும் நிறை, ஒரு கிராமில் நூறு கோடியில் ஒரு பங்குக்கும் குறைவு. நம் ஆய்வுக்கூடத் தராசு அதைக் காட்டாது.

ஏற்றமா, ஏற்றமா?

பருவத்தின் கடைசி வாரத்தில் அந்த மாணவனை அழைத்து இவ்வளவையும் விளக்கினேன். "அன்று உன்னை உட்காரச் சொன்னது என் தவறு" என்றும் சொன்னேன். அவன் சற்று நேரம் யோசித்தான்.

"அப்ப இது மூட்டை ஏத்துறது இல்ல சார். எங்க தாத்தா சொல்லுவாரே, ஏத்தம் எறைக்கிறது, அது மாதிரி" என்றான்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எவ்வளவு பொருத்தமான உவமை! பம்புசெட்டு வருவதற்கு முன் நம் கிணறுகளில் ஏற்றம் இறைத்தார்கள். ஏற்றம் தண்ணீரை உண்டாக்குவதில்லை. கீழே கிடக்கும் தண்ணீரை மேலே தூக்கிவிடுகிறது, அவ்வளவுதான். ஊரில் உள்ள மொத்தத் தண்ணீர் அதேதான். ஆனால் மேலே வந்த நீர் வாய்க்காலில் ஓடும், வயலை நனைக்கும். சார்ஜரும் இதையே செய்கிறது.

தமிழ்ப் பாடநூல்களில் சார்ஜுக்கு 'மின்னூட்டம்' என்கிறோம். குழந்தைக்குச் சோறு ஊட்டுவது போன்ற படம் இதில் இருக்கிறது. சோறு உள்ளே போய்த் தங்கும். சில நூல்கள் 'மின்சுமை' என்றன. அதில் வண்டியின் படம். இலங்கைத் தமிழ் மாணவர்களோ 'ஏற்றம்' என்றே படிக்கிறார்கள். நேரேற்றம், மறையேற்றம் என்பவை அவர்கள் புத்தகச் சொற்கள். ஏற்று என்றால் சுமையை ஏற்றுவதும் ஆகும், மேலே உயர்த்துவதும் ஆகும். தேய்த்த சீப்புக்கு முதற்பொருள் பொருந்தும். பேட்டரிக்கு இரண்டாவது பொருள் பொருந்தும். மின்தேக்கி வெறுமையாவதை நாமும் 'மின்னிறக்கம்' என்கிறோமே, அதுவும் மேலிருந்து இறங்குவதுதான்.

எந்தச் சொல்லும் தவறல்ல. ஆனால் ஒவ்வொரு சொல்லும் தன்னோடு ஒரு படத்தைக் கொண்டுவருகிறது. அந்தப் படத்தை எதுவரை நம்பலாம், எங்கே விட்டுவிட வேண்டும் என்று சொல்லாது. அதைச் சோதனையும் கணக்கும்தான் சொல்ல வேண்டும்.

ஒரு கொசுறு

மின்னோட்டத்துக்கு ஆங்கிலத்தில் 'கரண்ட்'. லத்தீனில் 'ஓடு' என்னும் பொருளுள்ள 'குர்ரெரே' என்ற வினையிலிருந்து அது வந்தது. கால் மக்களின் வண்டிப் பெயரும், லத்தீனின் இந்த ஓட்டமும் இன்னும் பழைய ஒரே வேரிலிருந்து, 'ஓடு' என்னும் பொருளுள்ள வேரிலிருந்து, கிளைத்தவை என்று மொழியியலார் கருதுகிறார்கள்.

மின்னோட்டம் = மின்னூட்டம் ÷ நேரம்.

பத்தாம் வகுப்பில் நீங்கள் மனப்பாடம் செய்யும் இந்தச் சமன்பாட்டின் இரு புறமும், கரண்டும் சார்ஜும், பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் பிரிந்த உடன்பிறப்புகள்! யாரும் திட்டமிட்டுச் சேர்க்கவில்லை. இயற்பியலில் வந்து ஒன்றாக உட்கார்ந்திருக்கிறார்கள்.

சிந்தியுங்கள்

1. விழுப்புரம் சந்திப்பில் ரயில் பாதைக்கு மேலே ஓடும் கம்பியில் 25,000 வோல்ட் என்று எச்சரிக்கிறார்கள். 'லைன் சார்ஜ் ஆகியிருக்கிறது' என்று ஊழியர் சொன்னால், கம்பியில் மின்னூட்டம் மூட்டையாகக் குவிந்திருக்கிறது என்று பொருளா, மின்னழுத்தம் உயர்ந்திருக்கிறது என்று பொருளா?

2. உங்கள் வீட்டுக் கைப்பேசியின் பேட்டரியில் எத்தனை மில்லி ஆம்பியர்-மணி என்று பார்த்து, அதைக் கூலூமாக மாற்றுங்கள்.

3. 'செல்' என்ற சொல் உயிரியலில் ஒன்று, டார்ச் விளக்கில் ஒன்று, சிறைச்சாலையில் ஒன்று, உங்கள் சட்டைப் பையில் ஒன்று. இவற்றின் பொதுப் படம் என்ன? நூலகத்தில் அகராதியைப் புரட்டிப் பாருங்கள்.

கடைசியாக ஒன்று. வகுப்பில் ஒரு சொல் உங்களுக்கு இடறினால், எல்லோரும் சிரித்தாலும் எழுந்து கேளுங்கள். ஆசிரியர் உட்காரச் சொன்னால் மறுநாள் மீண்டும் கேளுங்கள். அவருக்கும் அன்றிரவு யோசிக்க ஏதாவது வேண்டும் அல்லவா?